முதுகு வலியும் முதல் மருத்துவரும்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவில் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால், முதுகு வலிக்காரர்களைச் சீட்டைப் பார்க்காமலே கண்டுகொள்ளலாம். கையில் பெரிய உறை ஒன்று இருக்கும். ஸ்கேன் மையத்தின் பெயர் அச்சடித்த உறை. மடங்கினால் படம் கெட்டுவிடும் என்று அதை மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும், பெயரைச் சொல்லும் முன்பே உறை மேசைக்கு வந்துவிடும். "டிஸ்க் விலகியிருக்காம் டாக்டரம்மா. ஜவ்வும் தேஞ்சுபோச்சாம்." எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று யாரும் கேட்பதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அந்த உறையிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

1994இல் அமெரிக்காவில், முதுகு வலி என்பதே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். படங்களைப் படித்த நிபுணர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015இல் இதே போன்ற 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் கணக்கு வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் புடைப்பு இருபதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். இவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நரையும் திரையும் வெளியே தெரிகின்றன; அவற்றுக்காக யாரும் மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. முதுகெலும்பின் நரை உள்ளே இருக்கிறது. படம் எடுத்தால்தான் தெரியும். தெரிந்ததும் அதற்கு ஒரு நோயின் பெயர் வந்துவிடுகிறது. 45 வயதுப் பெண்ணின் முதுகு நேற்று ஏன் வலிக்கத் தொடங்கியது என்பதற்குப் பத்து வருடமாக அங்கேயே இருக்கும் ஒரு புடைப்பைக் காட்டிப் பதில் சொல்வது, பெரும்பாலான நேரங்களில், தவறான பதில்.

உலக அளவில் 2020இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2050இல் இது 84.3 கோடியாக உயரலாம். மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கிப்போடும் உபாதைகளின் பட்டியலில் 1990 முதல் கீழ்முதுகு வலிக்கே முதல் இடம். முழங்கால், தோள், கழுத்து எல்லாவற்றையும் சேர்த்தால், தசையும் எலும்பும் மூட்டும் சார்ந்த உபாதைகளோடு வாழ்பவர்கள் 171 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேரையும் எலும்பு மருத்துவர்களால் பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. இவர்களில் பெரும்பாலோரின் கதை ஊர் கிளினிக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும்தான் தீர்மானமாகிறது. முதல் மருத்துவர் முதல் பத்து நிமிடத்தில் என்ன கேட்டார், எங்கே தொட்டார், என்ன சொல் சொல்லி அனுப்பினார் என்பதே, அந்த வலி மூன்று வாரத்தில் போகுமா, முப்பது வருடம் கூடவே வருமா என்பதில் பெரும் பங்கு வகிக்கிறது.

கேட்பதில் தொடங்குவோம். வலியைச் சொல்வதற்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. கடுப்பு, குடைச்சல், குத்தல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று ஏறுவது. கணினியில் பதியும்போது இத்தனையும் 'முதுகு வலி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அது பெரிய இழப்பு. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு துப்பு இருக்கிறது.

"தொடைக்குப் பின்னால இறங்கி, சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி இழுக்குது" என்பவர் முதுகைப் பற்றிப் பேசவில்லை, ஒரு நரம்பு வேரைப் பற்றிப் பேசுகிறார். எந்த வேர் என்பதைக்கூட அந்தச் சுண்டுவிரல் சொல்லிவிடுகிறது. "கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு காலும் கனத்துப்போகுது, உக்காந்தா சரியாயிடுது. ஆனா சைக்கிள்ல சந்தைக்குப் போய் வந்துடுவேன்" என்று ஒரு பெரியவர் சொன்னால், தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம் என்று மருத்துவர் நினைக்க வேண்டும். சைக்கிளில் உடல் முன்னால் சாய்கிறது, பாதை சற்று விரிகிறது, வலி வருவதில்லை. அதே பெரியவர் பீடி குடிப்பவர், சர்க்கரை உள்ளவர் என்றால் பாதத்தின் நாடியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கால் கனப்பதற்கு ரத்தக் குழாய் அடைப்பும் காரணமாகலாம்.

25 வயது இளைஞர் வருகிறார். "விடியக்காலம் மூணு மணிக்கு வலி எழுப்பிவிட்டுடுது. எழுந்து நடந்தா கொறையுது. லீவு நாள்ல படுத்துக் கெடந்தா ஜாஸ்தியாகுது" என்கிறார். சாதாரண முதுகு வலி ஓய்வில் குறையும், வேலையில் கூடும். இது தலைகீழ். முதுகெலும்பையே இறுக்கிப்போடும் அழற்சி நோயின் முகம் இது. உலகெங்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் பிடிக்கின்றன. அந்த வருடங்களில் அந்த இளைஞர் ஏழெட்டு மருத்துவர்களைப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் வலி மாத்திரை வாங்கியிருப்பார். 'படுத்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா' என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

இரண்டு கை விரல்களிலும் காலை விறைப்பு, மாவு பிசைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், கை குலுக்குவது போல அவர் விரல் கணுக்களை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வலியில் கையை இழுத்துக்கொண்டால் முடக்குவாதம் என்று சந்தேகிக்கலாம். அவரைச் சில வாரங்களுக்குள் மூட்டு வாத நிபுணரிடம் சேர்த்துவிட்டால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம். அங்கே தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் போடுவது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இதைச் சீட்டில் எழுதினால் மட்டும் போதாது, கிழமையின் பெயரோடு வாயாலும் சொல்லி அனுப்ப வேண்டும்.

பிறகு தோள்பட்டை. சட்டைக் கையை நுழைக்க முடியவில்லை, ரவிக்கையைப் பின்னால் இழுத்துவிட முடியவில்லை என்று சொல்பவர்களிடம் சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்பது நல்லது. தோள் இறுகிப்போவது நீரிழிவுக்காரர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். தோள் வலிக்காக வந்து, தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்புகிறவர்களும் உண்டு.

கேள்விகள் எல்லாம் ஆபத்தைத் தேடுவதற்குத்தானா? ஓரளவு ஆம். ஆனால் ஆபத்து எவ்வளவு அபூர்வம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், புதிதாக முதுகு வலி வந்து முதல்நிலைச் சிகிச்சையை நாடிய 1,172 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. பெரிய நோய் இருந்தவர்கள் 11 பேர். அதிலும் 8 பேருக்கு எலும்பு முறிவு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பாடப் புத்தகம் சொல்லும் அபாய அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தவர்கள் 80 சதவீதம். அப்படியானால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குறி விழுந்த உடனே ஸ்கேனுக்கு அனுப்பினால் ஊரே ஸ்கேன் மையத்தின் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். குறிகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் மருத்துவர் தேவைப்படுகிறார். வயது எழுபது, சின்னதாகச் சறுக்கி விழுந்தார், ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று படம் எடுத்தே ஆக வேண்டும். முன்பு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகு வலி வந்தால் அந்த ஒன்றே போதும்.

சிட்னிக் கணக்கை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே மருத்துவர் மனத்தில் வேறு சில பெயர்களும் இருக்க வேண்டும். முதலாவது காசநோய். முதுகெலும்பைக் காசநோய் அரித்துக் கூன் விழவைப்பதையும் கால்களைச் செயலிழக்க வைப்பதையும் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இந்த வலி அவசரப்படுவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வளரும். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைப்பது. முதுகெலும்பின் நடுக் கணுக்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டு வரும்போது ஒரே இடத்தில் துள்ளுவார். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகுதான் அதில் தெரியும். இங்கே எம்.ஆர்.ஐ. உயிரையும் காலையும் காக்கும் கருவி. வலியில்லாதவர் முதுகில் புடைப்பைக் காட்டும் அதே கருவிதான். அதை யாருக்கு எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆய்வு நிறுவனத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்ன இடம் அது. முதுகெலும்புக் காசநோயிலும் நோயாளி நடமாடிக்கொண்டே சில மாத மருந்தில் குணமடைய முடியும் என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்காது.

இரண்டாவது ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் முதுகும் கழுத்தும் கட்டை போல இறுகிவிட்டது என்று வந்தால், விவரம் தெரிந்த மருத்துவர் அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார். பழுப்புப் பட்டைகள் தெரிந்தால் அடுத்த கேள்வி, எந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்பது. நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு எலும்பில் படிந்து அதை இறுக்குவது பற்றிச் சென்னை மாகாணத்திலிருந்து 1937லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. இடையில் ஓடிப்போனவை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் இன்று ஐம்பது, அறுபது வயதில் நிமிர முடியாமல் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு வலி மாத்திரையைவிட முக்கியமான மருந்து குடிக்கும் தண்ணீரை மாற்றுவது.

சிக்குன்குனியாவும் உண்டு. தான்சானியாவின் மகொண்டே மொழியில், வலியால் வளைந்து போவதைக் குறிக்கும் சொல் அது. 1964இல் சென்னையைத் தாக்கியது, நீண்ட இடைவெளிக்குப் பின் 2006இல் திரும்ப வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டாலும் சிலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். "அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்துதான்" என்று நோயாளி சொல்வதை மருத்துவர் அசட்டை செய்யக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று இருக்கிறது. முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது. தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சிறுநீர் போகிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டு வாழ்நாள் முழுக்கக் குழாயோடு விட்டுவிடக் கூடாது.

இனி உறையோடு வந்தவர்களில் ஒரு பெண்ணிடம் திரும்புவோம். நடவுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 45. ஐந்து நாளாக இடுப்பில் பிடிப்பு, குனிந்தால் நிமிர முடியவில்லை. காய்ச்சல் இல்லை, இளைக்கவில்லை, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது. டாக்டரம்மா உறையைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, "எழுந்து நில்லுங்கம்மா. செருப்பைக் கழட்டுங்க. கையால எடுத்து ஓரமா வைங்க" என்கிறார். சோதனை அதிலேயே தொடங்கிவிட்டது. முதுகைக் கம்பு போல வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கிச் செருப்பை எடுக்கிறாரா, பயந்து பாதியில் நிறுத்துகிறாரா, இயல்பாகக் குனிகிறாரா என்று பார்க்கிறார். குதிகாலால் நான்கு அடி, முன்னங்காலால் நான்கு அடி நடக்கச் சொல்கிறார். கட்டிலில் படுக்கவைத்து ஒரு காலை முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்துகிறார். வலி இடுப்போடு நிற்கிறதா, முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல ஓடுகிறதா? கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார். விரல் தாழாமல் நிற்கிறது. முழங்காலுக்கும் குதிகாலுக்கும் சுத்தியலால் ஒவ்வொரு தட்டு. கடைசியாக முதுகுக் கணுக்களை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வந்து, இடுப்புக்கு இரு பக்கமும் தசையில் கை வைக்கிறார். "அங்கதான்!" என்கிறார் அந்தப் பெண்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். செலவு ஒன்றுமில்லை. கை வைத்துப் பார்த்ததே பாதி நிம்மதி என்று நோயாளிகள் சொல்வதை வெறும் உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் வலியை ஒருவர் தேடிப் பிடித்துத் தொட்டுவிட்டார் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், அடுத்து அவர் சொல்லப்போவது காதில் ஏறும்.

அடுத்து என்ன சொல்கிறார் என்பது மருந்தைவிடப் பெரிய விஷயம். "எலும்பு தேஞ்சிடுச்சு, இனிமே குனியவே கூடாது, குடம் தூக்கக் கூடாது" என்று ஒரு மருத்துவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அந்த வாக்கியம் அந்தப் பெண்ணோடு இருபது வருடம் வாழும். மாமியார் சொல்வார், மகள் சொல்வாள், பக்கத்து வீட்டார் சொல்வார்கள். குனியப் பயந்து தசை சுருங்கும், சுருங்கிய தசை இன்னும் வலிக்கும். கூலியும் போய்விடும். வயிற்றுப்பாட்டுக் கவலை வலியோடு சேர்ந்துகொள்ளும்.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் இந்த ஆபத்தை ஒன்பது கேள்விகளில் அளந்தார்கள். நான்கு கேள்விகள் உடம்பைப் பற்றியவை: வலி காலுக்கு இறங்குகிறதா, வேறு இடத்திலும் வலிக்கிறதா, கொஞ்ச தூரம் மட்டும்தான் நடக்க முடிகிறதா என்பது போல. மற்ற ஐந்தும் மனத்தைப் பற்றியவை: உழைத்தால் ஆபத்து என்று பயமா, இது தீரவே தீராது என்று தோன்றுகிறதா, முன்பு பிடித்தவை இப்போது பிடிக்கவில்லையா. விடைகளை வைத்து நோயாளிகளை மூன்று தரமாகப் பிரித்து, குறைந்த ஆபத்து உள்ளவருக்கு அறிவுரை மட்டும், நடுத்தரத்துக்குப் பிசியோதெரபி, அதிக ஆபத்து உள்ளவருக்கு மனப் பயிற்சியும் சேர்ந்த பிசியோதெரபி என்று கொடுத்துப் பார்த்தார்கள். 851 பேரிடம் நடந்த அந்தச் சோதனை 2011இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையைவிடப் பலன் அதிகம், செலவு குறைவு.

ஒரு மாநிலமே தன் பேச்சை மாற்றிக்கொண்ட கதையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997 முதல் 1999 வரை தொலைக்காட்சியில் முதுகு வலி பற்றி விளம்பரம் செய்தது. படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலைக்குப் போங்கள், ஸ்கேன் அவசியமில்லை. சொன்னது அவ்வளவுதான். முதுகு வலிக்காகத் தொழிலாளர்கள் கேட்ட இழப்பீட்டு மனுக்கள் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. விளம்பரம் செய்யாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆய்வை நடத்திய ரேச்சல் புக்பைண்டர் குழு இன்னொன்றையும் கவனித்தது: மருத்துவர்களின் எண்ணமும் மாறியிருந்தது. மருத்துவர்களும் தொலைக்காட்சி பார்ப்பவர்கள்தானே.

படுக்கை ஓய்வு என்ற பழைய வைத்தியம் எப்போதோ தோற்றுவிட்டது. 1986இல் அமெரிக்காவில் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் மூன்று வழிகள் சோதிக்கப்பட்டன: இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலை. மூன்றாவது குழுவினரே சீக்கிரம் தேறினார்கள். ஆனாலும் இன்றைக்கும் "பெட் ரெஸ்ட்" என்று சீட்டில் எழுதும் கைகள் இருக்கின்றன. இதை இனி மன்னிக்க முடியாது.

மருந்து? பாராசிட்டமாலைத்தான் முதலில் எல்லோரும் எழுதுவது வழக்கம். சிட்னியில் 1,652 பேரிடம் சோதித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். வேளை தவறாமல் மாத்திரை போட்டவர்கள் குணமாக 17 நாள், வேண்டியபோது போட்டவர்களுக்கும் 17 நாள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களுக்கு 16 நாள். 2023இல் அதே நகரில் அபின் வகை மாத்திரையைப் புதிய முதுகு, கழுத்து வலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; அதுவும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. இந்த வகையைச் சேர்ந்த டிரமடாலை இந்தியா 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு அதை எழுதுவதில் லாபம் ஏதுமில்லை, நஷ்டம் நிறைய.

ஆனால் கிளினிக்கில் நடப்பது வேறு. "ஊசி போட்டாத்தான் எனக்குக் கேக்கும்" என்று நோயாளி இடுப்பைக் காட்டுகிறார், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஏறுகிறது. இந்த மருந்துக்கு ஒரு துயரமான வரலாறு உண்டு. தெற்காசியாவின் கழுகுகள் லட்சக்கணக்கில் செத்து விழுந்தபோது காரணம் புரியாமல் திகைத்தார்கள். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பிணந்தின்னிக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தை அழிக்கிறது என்று 2004இல் கண்டறிந்தார்கள். இந்தியா 2006இல் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போகின்றன என்று தெரிந்ததும், 2015இல் ஊசிப் புட்டியை மூன்று மில்லி அளவுக்குச் சுருக்கியது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகள் அந்தப் பேரழிவில் தப்பியவை. மனிதச் சிறுநீரகம் அத்தனை மென்மையானது இல்லை என்பது உண்மை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபது வயதுக்காரர், வெயிலில் வேலை செய்து தண்ணீரும் குடிக்காமல், வாரத்துக்கு இரண்டு முறை இந்த வகை மருந்தை எடுத்துக்கொண்டால் அவர் சிறுநீரகமும் தாங்காது. வயிற்றுப் புண் தனிக் கதை. கொடுக்கவே வேண்டுமென்றால் குறைந்த அளவு, சில நாள், சிறுநீரகமும் வயிறும் எப்படி என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

மருந்துக் கடையில் வாங்கும் 'செட்டு மாத்திரை' இதைவிட மோசம். பெயரில்லாத நான்கு வண்ண மாத்திரைகள், காகிதத்தில் மடித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மந்திரம் போட்டது போல ஒரே இரவில் வலி போய்விடும். மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு உளுத்துப்போகும். பிறகு தும்மினாலே முறியும். முதல் மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று: "மெடிக்கல்ல ஏதாவது செட்டு வாங்கிப் போட்டீங்களாம்மா?" அதட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? நடை. 2024இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகு வலி வந்து தேறிய 701 பேரில் ஒரு பாதியினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாகக் கூடும் நடைப் பயிற்சி தரப்பட்டது. ஆறு மாதத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இலக்கு. வேலையை முடக்கும் வலி அவர்களிடம் திரும்ப வர நடுத்தரமாக 208 நாள் ஆனது. பயிற்சி தரப்படாதவர்களுக்கு 112 நாள். செருப்பு மட்டும் இருந்தால் செய்துகொள்ளக்கூடிய வைத்தியம் இது. இதன் விளம்பரப் பலகையை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. விற்பதற்கு ஒன்றும் இல்லை.

முழங்கால் தேய்மானத்திலும் கதை இதேதான். தேய்ந்த மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த பொய் அறுவையோடு ஒப்பிட்டார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்தது, 2002இல் வெளியானது. இரண்டு தரப்புக்கும் கிடைத்த நிவாரணம் ஒன்றே. மாறாக, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியால் தொடைத் தசை வலுப்பட்டால் வலி குறைகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது ஏறும் சுமை நான்கு கிலோ குறைகிறது. மூட்டு முற்றிலும் தேய்ந்து, இரவில் தூக்கம் இல்லாமல், வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் ஆனவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை ஒரு வரம். அந்த இடம் வருவதற்கு முன் பயிற்சிக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பது யார்? ஒரு காலை வேளையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் அதையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடத்தில் உதவக்கூடியது. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வருவதைத்தான் எல்லோரும் அறிவார்கள். அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் முன்னுரிமை தருவது சரிதான். அதோடு, முதுகும் முழங்காலும் வலிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு பிற்பகல், பத்துப் பேர் கொண்ட குழுப் பயிற்சி என்று வைத்தால் புதிய கட்டடமோ கருவியோ தேவைப்படாது. மருத்துவக் கல்லூரிகளும் கொஞ்சம் மாற வேண்டும். இதய ஒலியைக் கேட்கப் பழக்குவதில் பாதி அக்கறையை ஒரு முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்குக் காட்டினால் ஸ்கேன் மையத்தின் வரிசை குறையும்.

அந்த நடவுப் பெண்ணிடம் டாக்டரம்மா கடைசியில் சொன்னது இதுதான்: "எலும்பு நல்லா இருக்கும்மா. நரம்பும் நல்லா இருக்கு. தசைதான் பிடிச்சிருக்கு. ரெண்டு மூணு வாரத்துல சரியாயிடும். படுத்துக்காதீங்க. காலையும் சாயந்தரமும் கால் மணி நேரம் நடங்க. வேலைக்குப் போங்க, முதல் ரெண்டு நாள் மட்டும் அரை மணிக்கு ஒருதரம் நிமிர்ந்து நின்னு நாலு அடி நடந்துட்டுக் குனியுங்க. கால் மரத்தாலோ, ஒண்ணுக்கு அடைச்சாலோ அன்னிக்கே வந்துடுங்க." பிறகுதான் உறையைத் திறந்து படத்தைக் காட்டி, அந்தப் புடைப்பு அவர் வயதில் வலியில்லாதவர்களுக்கும் இருப்பது என்று விளக்கினார்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் மருத்துவர்கள் சிலர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், சிறுநீர் போகிறதா, கால் மரக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால், போய்ப் படுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். செருப்பை எடுத்துக் கொடுத்து, தெருமுனை வரை அவரோடு நடந்துவிட்டு வாருங்கள்.